வெந்நீர் ஃபிளாஸ்க்கும் எட்டு அசைவும்: சீனாவின் யாங்ஷெங் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சீனாவின் ஹாங்சோ நகரத்தில் ஆறு வருஷம் இருந்துவிட்டு ஊர் திரும்பினேன். அன்றிலிருந்து அக்கா பிள்ளைகளும் அவர்களுடைய கல்லூரித் தோழர்களும் ஒரே கேள்விகளை மாற்றி மாற்றிக் கேட்கிறார்கள். கைப்பேசியில் சீனப் பிள்ளைகள் பூங்காவில் கைகளைத் தூக்கி நிற்கும் காணொளியைப் பார்த்துவிட்டு, "இது என்ன சித்தப்பா, யோகாவா, குங்ஃபூவா?" என்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்துவிட்டது. அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். நான் மருத்துவர் இல்லை. பார்த்தது, செய்தது, படித்தது மட்டும்தான் இதில் இருக்கிறது.

யாங்ஷெங் என்றால் என்ன?

'யாங்' என்றால் பேணுவது, வளர்ப்பது. 'ஷெங்' என்றால் உயிர். சேர்த்துச் சொன்னால் உயிரைப் பேணுதல். எப்போது எழுவது, என்ன சாப்பிடுவது, எவ்வளவு நடப்பது, எந்த இடத்தில் 'போதும்' என்று நிறுத்திக்கொள்வது என்பதெல்லாம் இதற்குள் வரும்.

சொல் பழையது. சுவாங்சி என்ற பழைய தாவோ நூலின் மூன்றாம் அத்தியாயத்துக்கே இதுதான் பெயர். அதில் மாடு அறுக்கும் சமையல்காரர் ஒருவர் வருகிறார். சாதாரண ஆள் மாதம் ஒரு கத்தி மாற்றுவான், கெட்டிக்காரன் வருஷம் ஒன்று மாற்றுவான். இவர் கத்திக்கு 19 வருஷம் ஆகியும் இப்போதுதான் சாணை பிடித்தது போல இருக்கிறது. காரணம், அவர் எலும்பை வெட்டுவதே இல்லை. மூட்டுக்கு மூட்டு உள்ள இடைவெளியில் கத்தியை விடுகிறார். இதைக் கேட்ட அரசர், உயிரைப் பேணுவது எப்படி என்று இன்று கற்றுக்கொண்டேன் என்கிறார். யாங்ஷெங் பற்றி எத்தனையோ விளக்கம் படித்திருக்கிறேன். இந்தக் கசாப்புக் கதைதான் எனக்கு மனதில் நின்றது.

இது வயதானவர்கள் சமாச்சாரம் இல்லையா? இளைஞர்கள் எப்படி உள்ளே வந்தார்கள்?

கேலியாகத்தான் ஆரம்பித்தது. ஹெய் பாவ் (கருஞ்சிறுத்தை) என்று பழைய சீன ராக் இசைக்குழு ஒன்று உண்டு. அதன் டிரம் கலைஞர் சாவோ மிங்யி கையில் வெந்நீர் ஃபிளாஸ்க்கோடு நிற்கும் படம் 2017 ஆகஸ்ட்டில் இணையமெங்கும் பரவியது. ஒரு காலத்தில் மேடையை அதிரவைத்தவர் இப்போது ஃபிளாஸ்க்கில் கோஜி என்ற சின்னச் சிவப்புப் பழத்தை ஊறப்போட்டுக் குடிக்கிறாரே என்று நாடே சிரித்தது. சிரித்த பிள்ளைகள் கொஞ்ச நாளில் தாங்களும் ஒரு ஃபிளாஸ்க் வாங்கினார்கள்.

அதே சமயத்தில் 'பங்க் யாங்ஷெங்' என்று ஒரு சொல் புழக்கத்துக்கு வந்தது. ராத்திரி 2 மணி வரை விழித்திருந்துவிட்டு விலையுயர்ந்த கண் க்ரீம் பூசுவது, பீரில் கோஜி பழம் போடுவது, இப்படித் தன்னைக் கெடுத்துக்கொண்டே காப்பாற்றிக்கொள்ளும் வாழ்க்கைக்கு அவர்களே வைத்த பெயர். நம் பையன் பரோட்டா சால்னா முடித்துவிட்டு சர்க்கரை இல்லாத டீ கேட்பது போல.

கேலி மெல்ல வழக்கமாகிவிட்டது. ஷாங்காயில் நகர மக்களுக்கான மாலைநேரக் கலை வகுப்புகள் 2016 முதல் நடக்கின்றன. 12 வகுப்புக்கு 500 யுவான்; நம் கணக்கில் சுமார் 6,000 ரூபாய். அலுவலகம் முடிந்து வரும் இளைஞர்கள் எழுத்தோவியமும் இசைக்கருவியும் உடற்பயிற்சியும் கற்கிறார்கள். இடம் பிடிப்பது தீபாவளிக்கு ரயில் டிக்கெட் எடுப்பது போல. வேலை நேரம் நீண்டுவிட்டது, முதுகு வலிக்கிறது, உடற்பயிற்சிக் கூடத்தின் சந்தா அதிகம். பாட்டி பூங்காவில் காசில்லாமல் செய்ததைத் திரும்பிப் பார்க்க வைத்தது இதுதான் என்று நினைக்கிறேன்.

எதற்கெடுத்தாலும் 'வெந்நீர் குடி' என்கிறார்களே, ஏன்?

காய்ச்சலா, வெந்நீர் குடி. வயிற்று வலியா, வெந்நீர் குடி. காதல் முறிந்துவிட்டதா, அதற்கும் அதுதான். சீனப் பெண்கள் தங்கள் காதலர்களைக் கிண்டல் செய்யும் முதல் வரியே இது: "நான் என்ன சொன்னாலும் 'நிறைய வெந்நீர் குடி' என்பதைத் தவிர வேறொன்றும் தெரியாது இவனுக்கு."

குளிர்ந்தது வயிற்றுக்கு ஆகாது என்று சீன மருத்துவம் வெகுகாலமாகச் சொல்லி வந்திருக்கிறது. ஆனால் நாடு முழுக்க வெந்நீர் குடிக்கத் தொடங்கியது போன நூற்றாண்டில்தான். அதற்குமுன் விறகு செலவுக்குப் பயந்து பச்சைத் தண்ணீர் குடித்தவர்களே அதிகம். ஷாங்காய் தெருக்களில் 'புலி அடுப்பு' என்று பெயர் பெற்ற கடைகள் இருந்தன. அங்கே போய்க் கொதித்த தண்ணீரைக் காசு கொடுத்து வாங்கிவருவார்கள். 1952இல் தொடங்கிய தேசபக்த சுகாதார இயக்கம், காய்ச்சாத தண்ணீரைக் குடிக்காதே என்று ஊர் ஊராகச் சொன்னது. பள்ளியிலும் தொழிற்சாலையிலும் கொதிநீர்க் கொப்பரை வந்தது, வீட்டுக்கு வீடு பூப்போட்ட ஃபிளாஸ்க் வந்தது. இன்றைக்கும் சீன ரயில்களில் பெட்டிக்குப் பெட்டி கொதிநீர்க் குழாய் இருக்கும்.

பிள்ளைகளுக்கு இதில் கிடைக்கும் உண்மையான லாபம், கையில் வெந்நீர் இருக்கும்போது குளிர்பானம் வாங்கத் தோன்றாது என்பது. வெந்நீரே மருந்து என்பதெல்லாம் கொஞ்சம் அதிகம். ஒரு எச்சரிக்கையும் உண்டு. 65 டிகிரிக்கு மேல் சூடாகக் குடிப்பது உணவுக்குழாய்ப் புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2016இல் வகைப்படுத்தியது. நாக்கு சுடுகிற அளவில் குடிக்க வேண்டாம், ஆறவிட்டுக் குடியுங்கள்.

பூங்காவில் எல்லாரும் ஒன்றுபோலச் செய்யும் அந்த அசைவுகள் என்ன?

பெரும்பாலும் பாதுவான்ஜின். 'எட்டுத் துண்டுப் பட்டு' என்று பொருள். சோங் அரசமரபுக் காலத்திலேயே, அதாவது 12ஆம் நூற்றாண்டு வாக்கிலேயே, இந்தப் பெயர் எழுத்தில் இருக்கிறது. நின்று செய்வது ஒரு வகை, உட்கார்ந்து செய்வது ஒரு வகை. இப்போது பரவலாக இருப்பது நின்று செய்வது. அரசின் விளையாட்டுத் துறை ஒழுங்குபடுத்திய வடிவத்துக்கு மொத்தம் 12 நிமிஷம் போதும்.

எட்டுக்கும் சீன மொழியில் ஏழு ஏழு எழுத்தில் பாட்டு மாதிரி பெயர் உண்டு. நான் கற்றுக்கொண்டது எங்கள் குடியிருப்பில் கீழ்த்தளத்தில் இருந்த ஓர் அம்மாவிடம். சீனாவில் அந்த வயதுப் பெண்களை 'ஆயீ' என்று கூப்பிடுவார்கள். நம் ஊர் 'ஆயி' போலவே காதில் விழும். ஒட்டும் இல்லை உறவும் இல்லை, தற்செயல்தான்; ஆனாலும் முதல் நாள் கூப்பிட்டபோது மனசுக்கு இதமாக இருந்தது.

முதல் அசைவின் பெயர் 'இரு கைகளால் வானத்தைத் தாங்கு'. கால்களைத் தோள் அகலத்துக்கு விரித்து, முழங்காலை லேசாகத் தளர்த்தி நிற்க வேண்டும். அடிவயிற்றுக்கு முன்னால் விரல்களைக் கோத்துக்கொள்ளுங்கள். மார்பு வரை கொண்டுவந்து, உள்ளங்கையைத் திருப்பி, தலைக்கு மேலே தள்ளுங்கள். பார்வை கையோடு போக வேண்டும். மேலே போனதும் இரண்டு விநாடி அப்படியே நிற்க வேண்டும். அதன்பின் கைகளைப் பிரித்து இரண்டு பக்கமாக மெல்ல இறக்குங்கள். கேட்க ஒன்றுமில்லாதது போல இருக்கிறதா? எனக்கும் அப்படித்தான் இருந்தது. நான் சடசடவென்று ஆறு முறை முடித்துவிட்டு நிமிர்ந்தபோது ஆயீ இரண்டாவது முறைக்குக் கையைத் தூக்கிக்கொண்டிருந்தார். "மன் மன் லாய்" என்றார். மெதுவா, மெதுவா வா. அடுத்த நாள் அவர் வேகத்தில் செய்தேன். நான்காவது முறையில் கை நடுங்கியது, கழுத்துக்குப் பின்னால் வியர்த்தது. எட்டு மணி நேரம் கணினி முன் உட்கார்ந்த தோள் என்ன நிலையில் இருக்கிறது என்பதை அந்த மெதுவான வேகம்தான் எனக்குக் காட்டிக்கொடுத்தது.

இரண்டாவது, வில்லை வளைத்துக் கழுகை எய்வது. மூன்றாவது, ஒரு கை மேலே தள்ள மறு கை கீழே அழுத்துவது. நான்காவதில் தோளைத் திறந்து பின்னால் திரும்பிப் பார்க்க வேண்டும். கைப்பேசிக்காரர்களுக்கு இதுதான் முதல் மருந்து என்பேன். ஐந்தாவதன் பெயர் 'தலையை ஆட்டு, வாலை அசை, இதயத் தீயை அணை'. குதிரை மேல் உட்கார்ந்தது போலத் தாழ்ந்து உடம்பைச் சுழற்ற வேண்டும். எட்டில் கஷ்டமானது இது, முழங்கால் வலி உள்ளவர்கள் அதிகம் தாழ வேண்டாம். ஆறாவது குனிந்து பாதத்தைப் பற்றுவது. இரத்த அழுத்தம் உள்ளவர்கள் தலையைத் தொங்கவிடக்கூடாது. ஏழாவதில் முஷ்டியை இறுக்கிக் கண்ணை உருட்டி முறைக்க வேண்டும். பிள்ளைகளுக்குப் பிடித்தது இதுதான், சிரிப்பு அடங்காது. கடைசியில் குதிகாலைத் தூக்கி 'தொப்' என்று தரையில் விடுவது, ஏழு முறை. 'நூறு நோயும் போகும்' என்று அதன் பெயரிலேயே இருக்கிறது. விளம்பரம் அந்தக் காலத்திலும் உண்டு.

'ச்சி' என்ற சக்தி உடம்பில் ஓடுவது உண்மையா?

ஆய்வகத்தில் அளந்து காட்டிய பொருள் அல்ல அது. பாதுவான்ஜின் செய்தவர்களுக்குத் தூக்கமும் உடம்பின் சமநிலையும் மேம்பட்டதாகச் சொல்லும் ஆய்வுகள் நிறைய உண்டு. அவற்றில் பல சிறியவை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆயீயிடம் ஒருமுறை ச்சி பற்றிக் கேட்டேன். "முதலில் தோளை இறக்கு" என்றார். அதற்குமேல் நானும் கேட்கவில்லை.

இதையெல்லாம் சீனர்களுக்குக் கற்றுக்கொடுத்தது நம் போதிதர்மர்தானே?

இந்தக் கேள்வி வராத நாள் இல்லை. மனசு நோகாமல் சொல்லப் பார்க்கிறேன்.

போதிதர்மர் தென்னிந்திய அரசர் ஒருவரின் மூன்றாவது மகன் என்று அவருடைய சீடர் மரபில் வந்த பழைய சீனக் குறிப்பு சொல்கிறது. காஞ்சி என்ற பெயர் அதில் இல்லை. அதற்குச் சற்று முந்திய, 547 வாக்கில் எழுதப்பட்ட இன்னொரு குறிப்பு அவரைப் பாரசீகத்திலிருந்து வந்தவர் என்கிறது. சென் (ஜென்) பௌத்தத்தின் முதல் குருவாகச் சீனர்கள் அவரைக் கும்பிடுகிறார்கள், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அவர் பெயரில் வழங்கும் 'தசைநார் மாற்றும் நூல்' 17ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்டது என்பதே வரலாற்றாசிரியர்களின் முடிவு.

உடற்பயிற்சி அதற்கு வெகு முன்பே அங்கே இருந்தது. சாங்ஷா நகரத்துக்கு அருகே மாவாங்துய் என்ற இடத்தில், கி.மு. 168இல் மூடப்பட்ட கல்லறையை 1970களில் தோண்டினார்கள். அதில் கிடைத்த பட்டுத் துணியில் ஆணும் பெண்ணுமாக 44 உருவங்கள் விதவிதமாக உடம்பை நீட்டி வளைத்து நிற்கின்றன. போதிதர்மருக்கு 600 வருஷங்களுக்கும் முந்தியவை. ஹுவா துவோ என்ற மருத்துவர் புலி, மான், கரடி, குரங்கு, பறவை ஆகிய ஐந்தின் அசைவுகளைப் பயிற்சியாக்கியதும் கி.பி. 3ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துக்குள் நடந்ததுதான். சுழன்றுகொண்டே இருக்கும் கதவுக் குடுமி உளுத்துப்போவதில்லை என்று அவர் தன் மாணவரிடம் சொன்னதாகப் பழைய வரலாற்று நூலில் இருக்கிறது. அந்த மாணவர் 90 வயது தாண்டியும் பல் விழாமல் இருந்தாராம்.

பள்ளிப் பிள்ளைகளுக்கு என்ன பழக்கம் வைத்திருக்கிறார்கள்?

முதலில் வானொலி உடற்பயிற்சி. 1951இல் தொடங்கியது. ஒலிபெருக்கியில் எண்ணிக்கை வர, மைதானம் முழுக்க ஒரே நேரத்தில் கை தூக்கும். அடுத்தது கண் பயிற்சி. 1960களில் வந்தது. வகுப்பிலேயே உட்கார்ந்து கண்ணை மூடி, புருவ ஓரம், மூக்குத் தண்டு, கன்னம் என்று குறிப்பிட்ட புள்ளிகளை இசைக்கு ஏற்ப அழுத்துவார்கள். 30 வயதுச் சீனர் யாரிடமாவது அந்த இசையை முணுமுணுத்துக் காட்டுங்கள், கை தானாகக் கண்ணுக்குப் போகும்.

இவ்வளவு செய்தும் 2018 கணக்கெடுப்பில் சீனச் சிறுவர், பதின்வயதினரில் 53.6 சதவீதம் பேருக்குக் கிட்டப்பார்வை இருந்தது. கண்ணை அழுத்துவதைவிட வெளியே வெயில் வெளிச்சத்தில் நேரம் செலவழிப்பதுதான் கண்ணுக்குக் காப்பு என்று இப்போது அங்கேயே அடித்துச் சொல்கிறார்கள். தினம் இரண்டு மணி நேரம் வெளியில் இருக்கச் சொல்கிறார்கள். 2024 இலையுதிர் பருவத்திலிருந்து பெய்ஜிங் பள்ளிகள் வகுப்பு இடைவேளையை 10 நிமிஷத்திலிருந்து 15 ஆக்கியது இதை ஒட்டித்தான். ஐந்து நிமிஷம் பெரிய விஷயமா என்று கேட்கலாம். மூன்றாம் மாடியிலிருந்து இறங்கி, விளையாடி, திரும்ப ஏற வேண்டிய பிள்ளையைக் கேட்டுப் பாருங்கள்.

தூக்கம் பற்றி என்ன சொல்கிறார்கள்?

ஹுவாங்தி நெய்ஜிங் என்ற பழைய மருத்துவ நூல் பருவத்துக்கு ஒரு தூக்கம் சொல்கிறது. வசந்தத்தில் சீக்கிரம் எழுந்து, கூந்தலை அவிழ்த்துவிட்டு முற்றத்தில் நிதானமாக நட. இலையுதிர் காலத்தில் கோழியோடு எழு. குளிர்காலத்தில் சீக்கிரம் படு, வெயில் வரும்வரை எழாதே. பிள்ளைகள் அந்தக் கடைசி வரியை மட்டும் மனப்பாடம் செய்து வைத்திருப்பார்கள்.

கல்வித் துறை 2021இல் கொடுத்த அளவு எளிது: தொடக்கப் பள்ளிக்கு 10 மணி நேரம், நடுநிலைக்கு 9, மேல்நிலைக்கு 8. தேர்வுக்குப் படிக்கும் வீடுகளில் இது நடப்பதில்லை என்பது அவர்களுக்கும் தெரியும், நமக்கும் தெரியும். ஆனால் மதியத் தூக்கம் அங்கே கூச்சப்படும் விஷயம் இல்லை. அலுவலகத்தில் சாப்பிட்டுவிட்டு மேசையடியிலிருந்து மடக்குக் கட்டிலை இழுத்துப் போட்டு, விளக்கை அணைத்துவிட்டு அரை மணி நேரம் படுப்பார்கள். முதல் வாரம் நான் மட்டும் இருட்டில் பேந்தப் பேந்த விழித்துக்கொண்டிருந்தேன்.

சாப்பாட்டில் சூடு, குளிர்ச்சி பார்ப்பார்களாமே?

பார்ப்பார்கள். இதை விளக்க நமக்குப் பாடமே தேவையில்லை. 'ஷாங்ஹுவோ', அதாவது 'தீ ஏறிவிட்டது' என்பார்கள். முகத்தில் பரு, வாயில் புண், தொண்டைக் கரகரப்பு எல்லாம் அதன் கணக்கு. நமக்கு மாம்பழம் சூடு என்றால் அவர்களுக்கு லிச்சி. ஒரு லிச்சி மூன்று தீ என்று சொலவடையே உண்டு.

இஞ்சியைப் பற்றி அவர்கள் சொல்வதைக் கேட்டு எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. காலையில் இஞ்சி ஜின்செங் கஷாயத்துக்குச் சமம், ராத்திரி இஞ்சி நஞ்சுக்குச் சமம். நம் பாட்டி 'காலை இஞ்சி, கடும்பகல் சுக்கு, மாலை கடுக்காய்' என்றதை ஆயீயிடம் மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர் மதியச் சுக்கைப் பற்றிக் கேட்டுக் கேட்டு எழுதிவைத்துக்கொண்டார். கன்பூசியஸ் கூடச் சாப்பாட்டில் இஞ்சியை விலக்க மாட்டார், ஆனால் அதிகம் உண்ண மாட்டார் என்று அவருடைய உரையாடல் நூலில் இருக்கிறது.

'பத்தில் ஏழு பங்கு வயிறு நிறைந்தால் போதும்', 'உண்டபின் நூறடி நட, தொண்ணூற்றொன்பது வரை இரு' ஆகிய இரண்டும் எல்லார் வாயிலும் வரும். இரண்டாவதை ராத்திரி ஏழு மணிக்கு எந்தக் குடியிருப்பிலும் பார்க்கலாம். குடும்பம் குடும்பமாகச் சுற்றி வருவார்கள். 2022இல் வெளியான சீன உணவு வழிகாட்டி தினம் 12 வகை, வாரத்தில் 25 வகை உணவாவது தட்டில் வரவேண்டும் என்கிறது. உப்பு 5 கிராமுக்குள், சர்க்கரை 50 கிராமுக்குள், முடிந்தால் 25க்குள். நடை 6,000 காலடி. பழமொழியும் வழிகாட்டியும் கிட்டத்தட்ட ஒரே திசையில்தான் போகின்றன.

கோஜி, மூலிகை, கஷாயம் எல்லாவற்றையும் வாங்கிக் குடிக்கலாமா?

கொஞ்சம் கோஜி பழம் வெந்நீரில் போட்டுக் குடித்தால் ஆரோக்கியமானவருக்கு ஒன்றும் ஆகாது, அதிசயமும் நடக்காது. ஆனால் வார்ஃபரின் என்ற இரத்த உறைவு மருந்து எடுப்பவர்கள் தொடவே கூடாது, மருந்தின் வேகத்தை அது கூட்டிவிடும். அதிமதுரத்தை அளவில்லாமல் எடுத்தால் இரத்த அழுத்தம் ஏறும். அரிஸ்டோலோகியா வகைச் செடிகள் சிறுநீரகத்தை அழித்த கதை உலகம் அறிந்தது. 'மூலிகைதானே' என்ற சொல்லைச் சீனாவிலும் கேட்டிருக்கிறேன், இங்கேயும் கேட்கிறேன். பெயர் தெரியாத பொட்டலத்தை இணையத்தில் வாங்க வேண்டாம்.

கால் ஊறவைப்பது பற்றியும் கேட்கிறீர்கள். ராத்திரி படுக்கும் முன் 40 டிகிரி அளவு வெந்நீரில் கால் மணி நேரம், சுகமாக இருக்கும். சர்க்கரை நோயால் பாதம் மரத்தவர்கள் செய்யக்கூடாது, சுட்டாலும் தெரியாது.

சரி, வீட்டில் செய்யக்கூடிய ஒன்று சொல்லுங்கள்.

சுவான்மெய்தாங். புளிப்பு ஆலுபுகாரா வகைப் பானம், கோடைக்கானது. 2023 கோடையில் ஹாங்சோவில் சீன மருத்துவமனை ஒன்றின் செய்முறை இணையத்தில் பரவி, கோக் குடிக்கிற வயதுப் பிள்ளைகளெல்லாம் மருந்துச்சீட்டோடு வரிசையில் நின்றார்கள். தேவையானது புகையில் காய்ந்த கறுப்புப் பழம் (ஊமெய்), ஹாதார்ன் என்ற புளிப்புப் பழத்தின் காய்ந்த வில்லைகள், பழைய ஆரஞ்சுத் தோல், இரண்டு துண்டு அதிமதுரம். அரை மணி நேரம் ஊறவைத்து, முக்கால் மணி நேரம் சிறுதீயில் விட்டு, வடிகட்டிக் கொஞ்சம் கற்கண்டு போடுங்கள். இறக்கியபின் ஒரு சிட்டிகை ஒஸ்மாந்தஸ் பூ. ஹாங்சோவின் நகரப் பூ அது. பானம் கருஞ்சிவப்பாக, லேசாகப் புகை மணத்தோடு இருக்கும். கற்கண்டை அள்ளிப் போட்டால் கோக்கே தேவலை என்றாகிவிடும்.

ஊமெய் இங்கே எளிதில் கிடைப்பதில்லை. புளியை வைத்து முயன்றேன். அது பானகம் ஆகிவிட்டது. நன்றாகத்தான் இருந்தது.

டீக்குப் பால் சேர்க்கவே மாட்டார்களா?

ஹாங்சோவின் லோங்ஜிங் பச்சைத் தேநீரில் பால் என்று சொன்னால் ஒரு மாதிரி பார்ப்பார்கள். ஏப்ரல் 5 வாக்கில் வரும் சிங்மிங் நாளுக்கு முன் பறித்த கொழுந்துக்கு விலை அதிகம். உயரமான கண்ணாடி டம்ளரில் ஒரு சிட்டிகை இலை, கொதித்து இறக்கி ஆறவைத்த 80 முதல் 85 டிகிரி தண்ணீர். வடிகட்டுவதில்லை. இலை முதலில் மேலே மிதந்து, ஒவ்வொன்றாக நின்றபடியே கீழே இறங்கும். குடிக்கும்போது ஊதி இலையை ஒதுக்கிக்கொண்டு ஒரு வாய். மூன்றில் ஒரு பங்கு மிச்சம் இருக்கும்போதே மறுபடி தண்ணீர் ஊற்ற வேண்டும். சாயங்காலம் வரை அதே இலைதான். வெறும் வயிற்றில் வேண்டாம், குமட்டும்.

விழாக்களுக்கும் உடல்நலத்துக்கும் என்ன தொடர்பு?

சீன நாட்காட்டி என்றாலே சந்திரன் என்று நினைக்கிறோம். ஆனால் வருஷத்தை 24 பருவப் புள்ளிகளாகப் பிரிப்பது சூரியனை வைத்து, நம் சித்திரை, ஆடி போல. 2016இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. எப்போது எதைச் சாப்பிடுவது, எப்போது வெளியே போவது என்பதை இந்தப் புள்ளிகளும் விழாக்களும் சேர்ந்து நினைவூட்டிக்கொண்டே இருக்கும். சிங்மிங்கில் முன்னோர் சமாதியைத் துடைத்துவிட்டுப் புதுப்புல்லில் நடக்கப் போவார்கள். சந்திரக் கணக்கில் ஒன்பதாம் மாதம் ஒன்பதாம் நாள் மலை ஏறுவார்கள். குளிர்காலத்தின் மிக நீண்ட இரவில் வடக்கே கொழுக்கட்டை மாதிரியான ஜியாவ்சி, தெற்கே இனிப்பு உருண்டை. பன்னிரண்டாம் மாதம் எட்டாம் நாள் தானியமும் பருப்பும் கொட்டைகளும் சேர்த்த லாபா கஞ்சி. ஹாங்சோவின் லிங்யின் கோயிலில் அதைக் காசு வாங்காமல் ஊற்றுவார்கள். நான் வாங்கிய கிண்ணத்தில் பேரீச்சை போன்ற சிவப்பு இலந்தையும் தாமரை விதையும் இருந்தன. ஆடிக்கூழ் ஞாபகம் வந்தது.

செலவில்லாமல் பிள்ளைகளை ஓடவைக்க ஏதாவது விளையாட்டு?

ஜியான்சி. ஓட்டை உள்ள பழைய செப்புக் காசில் கோழி இறகைச் செருகிக் கட்டியது. கையால் தொடாமல் பாதத்தின் உட்பக்கத்தால் உதைத்து உதைத்துக் கீழே விழாமல் வைத்திருக்க வேண்டும். வட்டமாக நின்று ஆளுக்கு ஆள் தட்டிவிடலாம். வாஷர் இரண்டு, சைக்கிள் டியூப் துண்டு, நாலு இறகு இருந்தால் வீட்டிலேயே செய்யலாம். என் அக்கா பையன் முதல் நாள் மூன்று உதைக்கு மேல் போகவில்லை. ஒரு வாரத்தில் 22. உலக சுகாதார நிறுவனம் 5 முதல் 17 வயதுக்குச் சொல்லும் தினசரி ஒரு மணி நேர ஓட்டமாட்டத்தில் பாதி இதிலேயே முடிந்துவிடும், யாரும் 'உடற்பயிற்சி செய்' என்று விரட்டாமலேயே.

கல்லூரி விழாவில் சீனப் பண்பாடு பற்றி நிகழ்ச்சி வைக்கிறோம். ஹான்ஃபூ என்ற பழைய சீன மரபு உடை போடலாமா? தப்பாக நினைப்பார்களா?

நான் பழகியவரை, சந்தோஷப்படுவார்கள். 2003இல் செங்சோ நகரத்தில் ஒருவர் ஹான்ஃபூ அணிந்து தெருவில் நடந்தது செய்தியானது. இன்றைக்கு ஹாங்சோ ஏரிக்கரையில் விடுமுறை நாளில் பத்து பேரையாவது அந்த உடையில் பார்க்கலாம். ஒன்றே ஒன்று கவனியுங்கள். குறுக்காக மடியும் கழுத்துப் பட்டையில் உங்கள் இடப் பக்கம் மேலே, வலப் பக்கம் உள்ளே இருக்க வேண்டும். மாற்றிக் கட்டுவது இறந்தவருக்கு. சோற்றில் குச்சியைச் செங்குத்தாகக் குத்தி வைப்பதும் அப்படித்தான், படையல் ஊதுவத்தி போலத் தெரியும்.

சிவப்பு விளக்கும் காகித டிராகனும் மட்டும் மாட்டி வைத்த நிகழ்ச்சிகள் நிறையப் பார்த்துவிட்டேன். அலுப்பாக இருக்கும். அதற்குப் பதில் வந்தவர்களை எழுப்பி நிற்கவைத்து முதல் அசைவைச் சொல்லிக்கொடுங்கள். ஆளுக்கு ஒரு ஜியான்சி கொடுங்கள். ஊரில் படிக்கும் சீன மாணவர் யாராவது இருந்தால், அவர் பாட்டி என்ன செய்வார் என்று கேளுங்கள். அருங்காட்சியகத்தில் இல்லாததெல்லாம் வரும். தாய்ஜி என்ற மெதுவான தற்காப்புக் கலையும் வைக்கலாம், 2020இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது அது. ஆனால் பரவலாகச் சொல்லிக்கொடுக்கும் சுருக்க வடிவமே 24 அசைவு. ஒரு மதியத்தில் கற்றுக்கொடுக்கப் பாதுவான்ஜின்தான் தோது.

நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்றால்?

காலை ஆறு மணிக்கு எந்தச் சீன நகரத்தின் பூங்காவுக்கும் போங்கள். ஏழரைக்கெல்லாம் கலைந்துவிடுவார்கள். கட்டணம் கேட்க மாட்டார்கள், பெயர் கேட்க மாட்டார்கள். கடைசி வரிசையில் ஓர் இடம் காலியாக இருக்கும். அங்கே நின்று முன்னால் இருப்பவர் முதுகைப் பார்த்துச் செய்யுங்கள். வேகமாகச் செய்தால் யாராவது ஓர் ஆயீ திரும்பிப் பார்த்து இரண்டு சொல் சொல்வார், அர்த்தம் இப்போது உங்களுக்குத் தெரியும். தண்ணீர் பாட்டில் மறக்காதீர்கள். ஐஸ் தண்ணீர் என்றால் பையிலேயே இருக்கட்டும், அங்கே வெளியே எடுத்தால் அடுத்த அரை மணி நேரம் உங்களுக்குப் புத்திமதிதான்.